கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும்?

தேவாலாவில் சித்திரையும் வைகாசியும் வீடு பழுதுபார்க்கும் மாதங்கள். தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் நம் ஊரும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஆவணி வரை விடாது. ஆகவே, கோடை முடிவதற்குள் ஒழுகும் ஓட்டை மாற்றுவதும், தார்ப்பாய் விரிப்பதும், விறகை இறவாரத்தின் கீழ் அடுக்குவதும், வீட்டைச் சுற்றியுள்ள வாய்க்காலைத் தூர் எடுப்பதும் இங்கு வீட்டுக்கு வீடு நடைபெறும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அதற்கென்றே இரண்டொரு நாள் விடுப்பு எடுத்து வந்து போவார்கள்.

இத்தனை பேர் கூடிச் செய்யும் இவ்வேலைகளில் வீட்டிலுள்ள நோயாளிக்கு மட்டும் பெரும்பாலும் பங்கு இருப்பதில்லை. தூசு படும் என்றும், அலுப்பு உண்டாகும் என்றும் சொல்லி அவரை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்கள் வேலையை முடித்துவிடுகிறோம். அவருக்காகவே செய்யப்படும் மாற்றங்களைக்கூட அவரைக் கேளாமலே செய்கிறோம். அதை அன்பு என்றும் எண்ணிக்கொள்கிறோம். அது அன்புதான் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நோயாளி இருக்கும் வீட்டைச் சீர்செய்யும் வேலையை அவரையும் உட்கொண்டு, குடும்பத்தார் ஒன்றுகூடிச் செய்வதே முறை என்பது என் கருத்து. இவ்வெண்ணத்திற்கு நான் வந்தது நூல்களைப் படித்து அன்று. என் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையைக் கண்டு.

எங்கள் வீட்டுக் கைப்பிடி

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் ஒருநாள் விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. பேச்சும் சற்றுக் குழறியது. மருத்துவமனையில் அவர் இருந்த நாட்களில், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஊருக்கு வந்து, தந்தை திரும்பி வருவதற்குள் வீட்டை ஆயத்தம் செய்துவிட வேண்டும் என்று ஒரு கொத்தனாரை அமர்த்தினான். கழிப்பறையில் உயரமான பீங்கான் இருக்கை வைத்தார்கள்; சுவரில் பளபளக்கும் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார்கள். தந்தைக்கு வலக்கைதான் நன்றாக இயங்குகிறது என்பதை மகன் அறிவான். ஆகையால் வாசற்படியில் நின்று பார்த்து, வலப்பக்கச் சுவரிலேயே கைப்பிடியை அமைக்கச் சொன்னான்.

வீடு திரும்பிய முதல் நாளே பிழை வெளிப்பட்டது. உள்ளே நுழையும்போது வலப்பக்கம் இருக்கும் சுவர், திரும்பி இருக்கையில் அமர்ந்தவுடன் இடப்பக்கமாகிவிடுகிறது. எழுந்திருக்கத்தான் பிடிப்பு வேண்டும். அந்த நேரத்தில் கைப்பிடி அவருடைய செயலற்ற கையின் பக்கம் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வரை, என் தோளைப் பற்றியே எழுந்தார். மகன் அலைபேசியில் கைப்பிடி உதவியாக இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் இருக்கிறது என்றே சொன்னார். பணம் செலவழித்துப் பிள்ளை செய்ததைக் குறை கூற அவருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் என் கால் வழுக்கி, இருவருமே விழ இருந்தோம். அன்றுதான் நான் மகனுக்கு உண்மையைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் ஒன்பது வயதுப் பேரனும் வந்தார்கள். இம்முறை நாற்காலியைக் கழிப்பறை வாசலில் போட்டு, அதில் அவரை அமர வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். அவரை இருக்கையில் அமர்த்தி, எழுவதற்கு வலக்கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்தோம். பேரன் கையில் சுண்ணக்கட்டியுடன் நின்று, “தாத்தா, இன்னொரு தடவை எழுந்திருங்கள்” என்று சொல்லிச் சொல்லி, தாத்தாவின் உள்ளங்கை சுவரில் பட்ட இடத்திலெல்லாம் கோடு போட்டான். மூன்று கோடுகள் விழுந்தன. மூன்றுக்கும் நடுவில் இடம் குறித்தோம்.

மகன் துளை போட முற்பட்டபோது அவர் கையமர்த்தினார். அந்தச் சுவர் மண் சாந்தில் கட்டியது, பிளாஸ்டிக் செருகியில் திருகாணி நிற்காது, போல்ட்டைச் சுவரின் மறுபுறம் வரை செலுத்தி, வெளிப்பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும் என்று குழறிய பேச்சில் மெல்ல மெல்ல விளக்கினார். முப்பது ஆண்டு ஃபிட்டர் வேலை அவருடைய இடக்கையை விட்டுப் போயிருக்கலாம். தலையை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னபடியே செய்தோம். மாலையில் மகன் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தான். கைப்பிடி அசையவில்லை. பழைய கைப்பிடியைக் கழற்ற வேண்டாம் என்றும் அவரே சொன்னார்; உள்ளே நடந்து வரும்போது அதுவே வலக்கைக்கு உதவும்.

நோய் வந்த பின் அவர் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

தம் கையால் செய்ததன் மதிப்பு

மருந்தும் உடற்பயிற்சியும் செய்ய வேண்டியதை வீட்டு வேலை செய்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால், நோயுற்றவர் இழப்பது கைகால் வலுவை மட்டும் அன்று. வீட்டில் அவருக்கு இருந்த இடத்தையும் இழக்கிறார். நேற்று வரை மற்றவர்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள். இன்று அவரைப் பற்றி மற்றவர்கள் தமக்குள் யோசிக்கிறார்கள். இவ்விழப்பைத் தீர்க்க மருந்துச் சீட்டு இல்லை. அவரிடம் மீண்டும் யோசனை கேட்பதே அதற்கு வழி.

மனிதர் தம் கையால் செய்த பொருளுக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள் என்பதை ஆய்வாளர்களும் காட்டியுள்ளனர். அமெரிக்காவில் மைக்கேல் நார்ட்டனும் அவருடன் இருவரும் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாமே பூட்டிச் சேர்த்த சாதாரணப் பெட்டிகளுக்கும், தாமே மடித்த காகித உருவங்களுக்கும் மக்கள் அதிக விலை தர முன்வந்ததைக் கண்டனர். அவ்வாய்வில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. வேலை பாதியில் நின்றாலோ, செய்தது கலைக்கப்பட்டாலோ அந்தப் பற்று உண்டாகவில்லை. முடித்த வேலையே மனநிறைவு தருகிறது. எனவே, நோயாளியுடன் செய்யும் வேலை சிறியதாகவும், ஒரே நாளில் முடியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சமையலறை முழுவதையும் இடித்துக் கட்டத் தொடங்கி ஆறு மாதம் இழுத்தால், அது ஒற்றுமைக்குப் பதில் சச்சரவையே வளர்க்கும்.

கூடிச் செய்யும் வேலையின் பயனை நம் நீலகிரி பண்டு தொட்டு அறியும். உதகையில் முத்தநாடு மந்தில் தோடர்களின் கூம்பு வடிவக் கோயில் ஒன்று உள்ளது. அதன் கூரை ஈரநிலத்தில் வளரும் ஒருவகைப் புல்லால் வேயப்படுவது. குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குலத்தார் கூடுகின்றனர். புல்லும் மூங்கிலும் பிரம்பும் சேர்க்கின்றனர். அனைவரும் சேர்ந்து வேய்கின்றனர். அப்பணி ஆடவர்க்கு மட்டும் உரியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் வீட்டு வேலைக்கு அந்த வரையறை வேண்டுவதில்லை. ஒருமுறை போட்டால் என்றைக்கும் நிற்கும் கூரையாக இருந்திருந்தால், அவர்கள் இத்தனை தலைமுறைகளாக அதன்பொருட்டுக் கூட நேர்ந்திராது. பழுதாகும் பொருளும் மனிதரைச் சேர்த்து வைக்கிறது.

எவ்வேலைகளைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் விழுதலைத் தடுக்கும் வேலைகள். உலகெங்கும் விழுந்து உயிரிழப்போர் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் உள்ள நாடுகளில் வாழ்பவர்கள். அறுபது வயதைக் கடந்தோருக்கே ஆபத்து மிகுதி.

ஒரு மாலைப் பொழுதில் குடும்பத்தார் அனைவரும் நோயாளியுடன் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். இரவில் விளக்கை ஏற்றாமல் ஒருமுறையும் ஏற்றி ஒருமுறையும் பார்ப்பது நலம். அப்போது அவருடன் ஒருவர் கைகொடுத்து நிற்க வேண்டும். எங்கே தயங்குகிறார், எதைப் பற்றிக்கொள்கிறார், எந்த இடத்தில் கால் தட்டுகிறது என்பதைக் குழந்தைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களின் கண்ணுக்குப் பழகிப்போய்த் தென்படாத வாசற்படியும், சுருண்ட கோணிச் சாக்கும், நடைபாதையில் கிடக்கும் மின்கம்பியும் குழந்தைகளின் கண்ணில் முதலில் படும். அத்தாளே உங்கள் வேலைப் பட்டியல்.

படுக்கையின் உயரம் மற்றொன்று. கட்டிலில் அமர்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். தாழ்ந்த கட்டிலுக்குக் கால்களின் கீழ் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். கட்டையில் கால் நழுவாதபடி குழி செதுக்க வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பியை ஒருபோதும் கைப்பிடியாக நம்பலாகாது. அது மனித எடையைத் தாங்காது. மண் சுவரோ மூங்கில் தட்டியோ உள்ள வீடுகளில், சுவரில் எதையும் பொருத்துவதைவிடத் தரையில் ஆழமாக ஊன்றிய கம்பமே உறுதியானது.

இரண்டாவதாக, அடுப்புப் புகை. வீட்டினுள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக அதே நிறுவனம் கூறுகிறது. எரிவாயு இருந்தும், மழைக்காலத்தில் குளிர் காயவும் வெந்நீர் வைக்கவும் நம் பகுதியில் விறகடுப்பு எரிகிறது. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர் வீட்டில், அடுப்பைப் படுக்கையறையிலிருந்து தள்ளி வைப்பதும், புகைபோக்கியைத் துடைத்துச் செம்மை செய்வதும், விறகை மழைக்கு முன்பே உலர்த்தி அடுக்குவதும் பெரும் பயன் தரும். ஈர விறகுதான் அதிகம் புகையும். எந்தக் கட்டை காய்ந்தது என்பதைத் தட்டிப் பார்த்து ஓசையால் சொல்லும் முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். விறகை அடுக்க இளையோரும், தேர்ந்து சொல்ல அவர்களும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, சன்னல். ரோஜர் உல்ரிக் என்பவர் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று மருத்துவமனை கட்டுவோரிடையே புகழ்பெற்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களுள் பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மறு பாதியினருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரே ஆய்வைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரலாகாது. ஆயினும், கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடச் செலவு ஏதுமில்லை. சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரங்களும் இருக்க, நம்மவர் பலர் பீரோவைப் பார்த்தபடி படுத்திருக்கின்றனர். எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள்.

நான்காவதாக, சிறு தோட்டம். கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றை இடுப்புயர மேடையில் தொட்டிகளில் வளர்த்தால், குனிய இயலாதவரும் அமர்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நம் பகுதிக்கு உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வாழையும் பலாவும் வீட்டை ஒட்டி வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அரிசி தேடி வீடுகளை உடைத்த மக்னா யானையை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். விரைந்து நடக்க இயலாத ஒருவர் உள்ள வீட்டுக்கு யானையை அழைக்கும் பயிர் ஆகாது.

எழக்கூடிய மறுப்புகள்

“நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வருகிறோம், கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் வேலையா?” என்று கேட்போரை நான் அறிவேன். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே வேலை, அதுவும் இரண்டு மணி நேரத்தில் முடிவது என்கிறேன். அவ்விரண்டு மணி நேரமும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நேரமே. கூடுதல் சுமை அன்று. நோயாளியின் அருகில் அமர்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் தொலைக்காட்சியைப் பார்த்திருக்கும் மகனுக்கும், கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

“தோட்டத்து லயத்தில் இருக்கிறோம், சுவரில் ஆணி அடிக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை” என்பது அடுத்த மறுப்பு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் பல இன்றும் நம் வட்டாரத்தில் லயங்களிலேயே வாழ்கின்றன. அவர்களுள் முதல் தலைமுறையினரே இப்போது நோயுற்ற முதியோர். தோட்டத் தொழிலாளர்க்குக் குடியிருப்புத் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, கூரை ஒழுக்கும் சுவர் வெடிப்பும் கழிப்பறையும் நிர்வாகம் செய்து தர வேண்டியவை. அவற்றைக் குடும்பத்தின் தலையில் சுமத்த நான் இக்கட்டுரையை எழுதவில்லை. நோயாளியின் நிலையைக் குறிப்பிட்டு, மருத்துவரின் குறிப்பையும் இணைத்து எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அவ்விண்ணப்பத்தையும் நோயாளியுடன் அமர்ந்து எழுதலாம். அதற்கிடையில், சுவரைத் தொடாத வேலைகள் பல உள்ளன: கட்டிலை உயர்த்துவது, பாதையை ஒழுங்கு செய்வது, நாற்காலிக்குக் கைகள் பொருத்துவது, விளக்கை எட்டும் இடத்தில் வைப்பது.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகையால் நானே சொல்கிறேன். குடும்பம் கூடிச் செய்வது என்று தொடங்கும் வேலை, கடைசியில் வீட்டுப் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. ஆண்கள் துளை போட்டுவிட்டுப் போகிறார்கள். தூசைக் கூட்டுவதும், தேநீர் போடுவதும், கலைந்த பொருளை அடுக்குவதும், அத்தனைக்கும் நடுவில் நோயாளிக்கு மாத்திரை கொடுப்பதும் அவளுக்கே வந்து சேர்கின்றன. அப்படியானால் அது கூடிச் செய்த வேலை ஆகாது. துப்புரவு செய்வதும் சமைப்பதும் அந்த நாளின் வேலைப் பட்டியலில் பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். எங்கள் வீட்டில் அன்று மதியச் சமையல் மகனுடையது. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

வீட்டில் வேறு ஆளே இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு அண்டை வீட்டாரே குடும்பம். நாடுகாணி இறங்கினால் வரும் மலப்புறம் மாவட்டத்திலும், கேரளத்தின் பிற பகுதிகளிலும், நோயுற்றோரை அக்கம்பக்கத்தினரே வீடு தேடிச் சென்று பேணும் வலிநிவாரண இயக்கம் கால் நூற்றாண்டுக்கு மேலாக இயங்கி வருகிறது. மருத்துவம் படிக்காத கடைக்காரரும் மாணவரும் ஓட்டுநரும் பயிற்சி பெற்று அதில் பணி செய்கின்றனர். அவர்களால் இயலுவது நம்மாலும் இயலும். பக்கத்து வீட்டு முதியவருக்கு ஒரு வாசற்படியைச் சரிவாக்கித் தருவதற்குச் சங்கம் தேவையில்லை.

செய்யக் கூடாதவை

நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்பதற்கு அவர் கையில் சுத்தியலைக் கொடுப்பது என்று பொருள் அன்று. அளவு சொல்வது, நிறம் தேர்வது, திருகாணிகளைப் பிரித்து வைப்பது, வேலையை மேற்பார்ப்பது எல்லாம் பங்குதான். சில எல்லைகளை மீறலாகாது.

நுரையீரல் நோய் உள்ளவர் சுண்ணாம்பு அடிக்கும்போதும் வண்ணம் பூசும்போதும் அவ்வீட்டில் இருக்க வேண்டாம். வாடை அடங்கிய பின் வரட்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருப்பவரும், எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் பூஞ்சை படிந்த சுவரைச் சுரண்டுவதையும், மண்ணைக் கிளறுவதையும் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர் அரிவாள், உளி போன்றவற்றைத் தொட வேண்டாம். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவர் இசைவு தரும் வரை எடை தூக்கலாகாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் வேலை நடக்கும் இடத்தில் நடக்கவே கூடாது.

மற்றவர்களுக்கும் சில. கல்நார்த் தகட்டுக் கூரையை அறுக்கவோ, துளையிடவோ, தேய்த்துக் கழுவவோ வேண்டாம். அதன் இழைத் தூசு நுரையீரலுக்குக் கேடு. அக்கூரை மேல் ஏறவும் வேண்டாம். பழந்தகடு முறிந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தால் ஒரு நோயாளி இருவர் ஆவர். மழை நீர் தேங்கிய வாய்க்காலில் இறங்கும்போது காலணியும் கையுறையும் அணியுங்கள்; எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். மின் இணைப்பு வேலையை அதற்குரியவரிடம் விடுங்கள்.

மருத்துவமனையிலேயே தொடங்கலாம்

இவ்விதழைப் படிப்போருள் பலர் இப்போது ஒரு கட்டிலின் அருகில் அமர்ந்து, வீடு திரும்பும் நாளை எதிர்நோக்கியிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனாரை இப்போதே அமர்த்தி, அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று விரைய வேண்டாம். உடனடியாகத் தேவையானவை எவை, பொறுத்துச் செய்யத்தக்கவை எவை என்று இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் வீட்டு வாசல், படுக்கை, கழிப்பறை ஆகியவற்றை அலைபேசியில் படம் எடுத்து வந்து காட்டுங்கள். அவர் பேசும்போது நோயாளியும் உடனிருக்கட்டும். வீடு சென்ற பின், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடைபெற்று வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பேணுதலும் இல்லம் தேடி வருகின்றன. வருபவரிடம் உங்கள் கைப்பிடியையும் கட்டிலையும் காட்டிக் கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

அவசரமானதை உடனே செய்துவிடுங்கள். அதையும் அவரைக் கேட்டே செய்யுங்கள். மற்றவற்றை, அவர் வந்த பின் ஞாயிறுதோறும் ஒன்றாக, அவருடன் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் நலமாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. என் கணவரின் இடக்கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. சில நாட்கள் அவர் யாருடனும் பேசாமல் இருக்கிறார். ஆயினும், கழிப்பறைக்கு அவர் இப்போது தனியே போய் வருகிறார். நான் வாசலுக்கு வெளியே நின்றால் போதும். மகன் ஊருக்கு வரும் முன், அடுத்து என்ன வேலை என்று அலைபேசியில் கேட்பது தந்தையைத்தான். சென்ற மாதம் வாசற்படியைச் சரிவாக்கினோம். இந்த மாதம் விறகுக் கொட்டகை.

சுவரில் பேரன் போட்ட மூன்று சுண்ணக்கோடுகளை நான் துடைக்க முற்பட்டபோது, என் கணவர் வேண்டாம் என்றார். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன.